படுக்கைப்புண்ணும் உழைச்செல்வான் கடனும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தன் இறுதிக் குறளில் (950) மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் வைக்கிறது. சரக சங்கிதையின் நாற்பகுப்பிலும் பணிவிடையாளனுக்கு இடமுண்டு. அவன் மருத்துவத்தின் உறுப்பு எனின், அவ்வுறுப்பின் குறையால் விளையும் தீங்குக்கு எந்த அளவு பொறுப்பாவான் என்னும் வினா எழுகிறது. அதனைப் படுக்கைப்புண் கூர்மையாக எழுப்புகிறது.

தானே புரள இயலாதவரின் உடலில் திரிகம், இடுப்பின் பக்கம், குதிகால் முதலிய எலும்பு புடைத்த இடங்கள் நெடுநேரம் அழுந்துகின்றன. குருதியோட்டம் தடைப்பட்டுத் திசு மடிகிறது. ஈரமும் உராய்வும் ஊட்டக்குறைவும் அதனை விரைவுபடுத்துகின்றன. ‘படுக்கைப்புண்’ என்னும் வழக்கு பழியைப் படுக்கையின்மேல் ஏற்றுகிறது. ‘அழுத்தப்புண்’ என்னும் கலைச்சொல் விசையின்மேல் ஏற்றுகிறது. இரண்டிலும் மனிதர் இல்லை.

மனிதரை அங்கே கொணர்ந்தவர் பிளாரன்சு நைட்டிங்கேல். இப்புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பணிவிடையின் குற்றமே என்பது 1859இல் வெளிவந்த அவர்தம் நூலின் கருத்து. இதற்கு மாறாகப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ, நரம்பு மண்டலச் சிதைவே இதனைத் தோற்றுவிக்கிறது என்றார். அக்கொள்கைப்படி தண்டுவடம் முறிந்தவருக்குப் புண் வருவது ஊழ் போன்றது. தடுக்க முயல்வது வீண். ஆனால் அழுத்தத்தையும் ஈரத்தையும் விலக்கினால் தண்டுவடம் அறுபட்ட விலங்குகளுக்கும் புண் வருவதில்லை எனப் பிரவுன்-செக்கார் முன்பே காட்டியிருந்தார். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளிகளை இரண்டு மணிக்கொருமுறை இரவும் பகலும் புரட்டச் செய்தார். ஊழ் எனப்பட்டது உழைப்பினால் விலகிற்று.

எனினும் உழைப்பு மட்டும் போதுமா? சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது ஒரு காலத்தில் நற்பணியாகவே கற்பிக்கப்பட்டது. அது நலிந்த திசுவை மேலும் சிதைக்கும் என்பது பின்னரே தெளிந்தது. பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு உரிய பண்புகளில் அன்போடு அறிவையும் சேர்த்தது இவ்விடத்துக் கருதத்தக்கது. அவ்வறிவும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தல் வேண்டும். முதல்நிலைக்கு அடையாளமாக நூல்கள் கூறும் சிவப்பு, வெண்ணிறத் தோலில் கண்டது. கருநிறத் தோலில் அது எளிதில் புலப்படாது. சூடு, இறுக்கம், வலி ஆகியவற்றைத் தொட்டும் கேட்டும் அறிய வேண்டும். இந்தியச் செவிலியர் கண்ணால் மட்டும் தேடித் தவறவிட்டால், அக்குறையில் பாடநூலுக்கும் பங்குண்டு.

நைட்டிங்கேலின் தீர்ப்புக்கு வேறோர் எல்லையும் உண்டு. இறக்கும் தறுவாயில் பிற உறுப்புகளைப் போலத் தோலும் செயலிழக்கிறது. எத்துணைப் பேணினும் சில புண்கள் தோன்றும். அப்போது கால அட்டவணைப்படி புரட்டுவது வலியையே மிகுவிக்குமாயின், புண்ணைத் தடுப்பதினும் வலியைக் குறைப்பதே கடனாகிறது.

வீட்டுப் பணிவிடையின் நிலை இன்னும் கடினமானது. இரண்டு மணிக்கொருமுறை என்னும் விதி, பணிமுறை மாறும் செவிலியர் பலருள்ள மருத்துவமனையில் பிறந்தது. அதனைத் தனியொரு மனைவியோ மகளோ மருமகளோ மேற்கொண்டால், இரவு பத்து முதல் காலை ஆறு மணிக்குள் மும்முறையேனும் எழுதல் வேண்டும்; அதுவும் மாதக்கணக்கில். அவள் கண்ணயர்ந்த இரவில் தோன்றிய புண்ணுக்கு அவளை மட்டும் குற்றவாளியாக்குவது, அதே வீட்டில் விடியும்வரை உறங்கியவர்களை விடுவித்துவிடுகிறது.