உருவமும் குரலும்

ஒரு மக்கட் கூட்டத்தைப் படம் பிடிக்கும் கலைஞனுக்கு அம்மக்களிடத்து உள்ள பொறுப்பு யாது? மடுல்கெல்ல மலைச்சாரலில் கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவத்தை உலகம் நன்கறியும். அவளது பேச்சை அறியாது. படம் அழகாயிருந்தாற் போதாதா என்று கேட்போர் உளர். போதாது என்பதே நம் விடை.

பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் 1934இல் உருவாக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ புகழ்பெற்ற பரிசோதனைப் படம். அதற்குப் பணம் அளித்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. ‘வணிகத்தின் குரல்கள்’ என்னும் பகுதியில், உழைப்போரின் காட்சிகள் மீது சந்தை நிலவரங்கள் ஒலிக்கின்றன. உழைப்புக்கும் இலாபத்துக்கும் உள்ள முரணை இவ்வாறு கேட்கச் செய்தது பெருந்திறமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படத்தின் விளக்கவுரை பெரும்பாலும், கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று இம்மலைகளில் தேயிலைத் தோட்டமும் இல்லை. தோட்டத் தொழிலாளரும் இல்லை. அவர்கள் வருமுன்னரே எழுதப்பட்ட சொற்கள் அவர்களுக்காக எப்படிப் பேசும்?

இம்மௌனம் கலையோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அம்மக்களைக் கலந்தாலோசிக்க இரு அரசுகளும் முன்வரவில்லை. உருவத்தைக் காட்டிக் குரலை விடுவதும், தலையை எண்ணி விருப்பத்தைக் கேளாதிருப்பதும் ஒரே மனப்பான்மையின் இரு வடிவங்கள்.

‘நாம் யார்’ என்ற கேள்விக்குப் பிறர் விடை கூறும்வரை அது முத்திரையே. நாமே கூறும்போதுதான் அடையாளம். தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975இல் வெளிவந்தபோது, மலையகம் திரையில் தன் கதையைத் தானே கூற முனைந்தது. அம்முயற்சி வளரவேண்டுமாயின் கலைக் கருவியும் அதன் பயிற்சியும் தோட்டப் பாடசாலைக்கு வரவேண்டும்.

பழைய படச்சுருள் இன்றும் இதற்கு நல்லாசான். 16 மில்லிமீட்டர் சுருள் 100 அடி, வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடினால், மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்று மாணவன் முதலிலேயே முடிவு செய்தாகவேண்டும். கைத்தொலைபேசியில் அளவின்றிப் படமெடுப்பவனுக்கும் அந்த நிதானம் தேவை.

நண்பர்களே, வகுப்பறையில் எந்தப் படத்தைக் காட்டினாலும் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: இதிற் காணப்படுவோர் யார்? பேசுவோர் யார்? இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும் நாளுக்காக உழைப்பதே நம் கடமை.