வென்றவனும் தோற்றவனும்

வரலாற்று நாவல் என்றதும் நம் வாசகர் நெஞ்சில் எழுவன குதிரைக் குளம்பொலியும் அரண்மனைச் சதியுமேயாம். குத்துச்சண்டை மேடையும் அத்தகைய நாவலுக்குக் களமாகும் என்றால் சிலர் நகைக்கக்கூடும். 1908 டிசம்பர் 26ஆம் நாள் சிட்னி நகரில் நிகழ்ந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அன்று ஜாக் ஜோன்சன் என்னும் கறுப்பினத்தவர் டொமி பேர்ன்ஸை வென்று உலக அதிபாரப் பட்டத்தைப் பெற்றார். அதற்கு முன் பட்டம் வைத்திருந்த வெள்ளையர் சிலர் கறுப்பரோடு அதற்காக மோதவே மறுத்திருந்தனர். அவர்களுடைய தோல்வியறியாப் புகழின் இரகசியங்களுள் இதுவும் ஒன்று!

அப்போட்டியை நேரிற் கண்டு நியூயோர்க் பத்திரிகைக்கு எழுதியவர் ஜாக் லண்டன். அதே 1908இல் வெளிவந்த ‘இரும்புக் குதிகால்’ நாவலில் முதலாளித்துவக் கொடுங்கோன்மையைக் குறித்து எச்சரித்த சோசலிஸ்ட் அவர். ஜோன்சனின் திறமையை அவர் மறைக்கவில்லை. ஆயினும் ஓய்வுபெற்றிருந்த ஜெஃப்ரீஸ் பண்ணையை விட்டு வெளிவந்து வெள்ளையர் மானத்தைக் காக்கவேண்டும் என அழைப்பு விடுத்தார். 1911இல் வெளியான ‘மெக்சிக்கன்’ கதையிலோ, பகைமை கக்கும் கூட்டத்தின் நடுவே, புரட்சிக்குத் துப்பாக்கி வாங்கும் பணத்துக்காகச் சண்டையிட்டு வெல்லும் இளைஞனை இதே பேனாதான் படைத்தது. வர்க்கத்தை இனங்கண்ட கண்ணை நிறம் மறைத்துவிட்டது. இதனைக் ‘காலத்தின் குறை’ என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஜெஃப்ரீஸ் வந்தார், 1910 யூலை 4இல் ரீனோவில் பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தார். உடனே அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கறுப்பர் தாக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 1913இல் ஜோன்சன், வெள்ளைப் பெண்ணொருத்தியைத் தீய நோக்கில் மாநில எல்லை கடந்து அனுப்பினார் என்ற சாட்டிற் குற்றவாளியாக்கப்பட்டார். மன்னிப்பு 2018இல் வந்தது. அவர் இறந்ததோ 1946இல்.

இதை நாவலாக்குவோன் ரீனோவின் வெற்றியோடு நூலை முடித்தால் பாதி உண்மையையே சொன்னவனாவான். அவன் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அன்று ஜோன்சன் தோற்றிருந்தால்? அவர் இனத்தார் மனிதரிற் குறைந்தவர் என்பது மெய்யாகியிருக்குமா?

நம் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் கண்ணகி அம்மனுக்காகக் கொம்புமுறி நடப்பதுண்டு. ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, இரு கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி இழுக்கும். முறிவது மரம். தோற்ற சேரி வசைப்பாட்டைத் தாங்கவேண்டும். ஆனால் அதனால் அம்மனுக்கு அந்நியமாகிவிடுவதில்லை. தோற்கும் உரிமை என்பது இதுதான். இதே பிரதேசத்தில், பறைமேளம் கொட்டியவரைக் கோயிலின் வெளியே நிறுத்திய வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அவருக்கோ, வெல்லவும் தோற்கவும் ஒரு களம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்னும் களம் பின்னரே வந்தது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளையொருவன் பல்கலைக்கழகம் புகுந்தால் ஆசிரியர் அறையில் எழும் பாராட்டைக் கேட்டிருக்கிறோம்: “அந்தக் குடும்பத்திற் பிறந்தும் எவ்வளவு கெட்டிக்காரன்!” ‘பிறந்தும்’ என்பதிலுள்ள உம்மை, இழிவு சிறப்பும்மை. அடுத்த பாடவேளையில் இலக்கணமாக நாமே அதைக் கற்பிக்கிறோம். அவன் தம்பி சாதாரண தரப் பரீட்சையில் தவறினால் அது ‘குலப்புத்தி’ ஆகிவிடுகிறது. பெரிய வீட்டுப் பிள்ளை தவறினாலோ, அவ்வாண்டு கணித வினாத்தாள் கடினம்.