சாமியைக் காணோம் மாமா!

ஓம் சரவணபவ!



போன கந்த சஷ்டி விரதத்தப்போ எங்க அக்கா வீட்டில் நடந்ததை இன்னைக்குச் சொல்லப் போறேன். அற்புதம் எதுவும் நடக்கலை, முன்னாடியே சொல்லிடறேன். ஒரு பூச்சி தொலைஞ்சுது, தேடினோம், அவ்வளவுதான். ஆனா அதைத் தேடினப்போ நான் ஒளிச்சு வச்சிருந்த வேற ஒண்ணும் வெளியே வந்துச்சு. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

அக்கா வீடு கோயம்புத்தூர் வடவள்ளியில். மொட்டை மாடிக்கு ஏறினா மருதமலை தெரியும். எனக்கு வீட்டிலிருந்தே வேலைங்கறதால, விரதம் ஆறு நாளும் லேப்டாப்போட அங்கேயே போய்த் தங்கிட்டேன்.

அக்கா பையனுக்கு எட்டு வயசு. தீபாவளிக்கு முன்னாடி பெய்ஞ்ச மழையில், வாசல் கறிவேப்பிலை மரத்துல ஒரு கும்பிடுபூச்சி வந்து உட்கார்ந்திருக்கு. பிடிச்சு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்துட்டு இருந்தான். மூடியில் ஓட்டை போட்டு வலைத்துணி, உள்ளே ஏறி உட்கார ஒரு குச்சி, தினமும் காலையில் இலை மேல ரெண்டு சொட்டு தண்ணி. எப்பப் பாரு கையைக் கூப்பிட்டே இருக்குன்னு அதுக்கு "சாமி"ன்னு பேர் வச்சிருந்தான்.

எங்க அம்மா அதைப் பெருமாள் பூச்சின்னுதான் சொல்லுவாங்க. "மருமகன் வீட்டு விசேஷத்துக்குப் பெருமாள் வந்திருக்காருடா"ன்னு ஒரே சிரிப்பு. நம்ம முருகன் மால்மருகன் இல்லையா! வீட்டில் எல்லாரும் விரதம். சாமி மட்டும் தினம் ஒரு வெட்டுக்கிளி.

மூணாம் நாள் சாயங்காலம். பையன் வெளியே விளையாடப் போயிருந்தான். கூப்பின கையோட அந்தப் பூச்சியை ஒரு வீடியோ எடுத்து, சஷ்டி ஸ்பெஷல்னு ஸ்டேட்டஸ் போட்டா நல்லா இருக்குமேன்னு எனக்குத் தோணுச்சு. மூடியைத் திறந்தேன். பத்து செகண்ட்கூட எடுத்திருக்க மாட்டேன், ஆபீஸ்ல இருந்து கால். புரொடக்‌ஷன்ல பிரச்சனை. அப்படியே ஓடிட்டேன். கால் முடியறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

ரூமை விட்டு வெளியே வந்தா, காலி டப்பாவைக் கையில் பிடிச்சுட்டு அவன் நிக்கறான்.

"சாமியைக் காணோம் மாமா!"

அக்கா சமையல்கட்டில் இருந்தே சத்தம் போட்டா. "மூடியை ஒழுங்கா மூடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"மூடினேன்மா."

"மூடினா எப்படிடா வெளியே போகும்?"

அவன் டப்பாவைப் பார்த்தான். அப்புறம் குரல் இறங்கிப் போய், "மூடின மாதிரிதான் இருந்துச்சு"ன்னான்.

நான் அங்கேதான் நின்னுட்டு இருந்தேன். என் வாயிலிருந்து வந்தது ஒரே வரி: "விடுக்கா, தேடிப் பார்க்கலாம்."

பாருங்க, நான் பொய் சொல்லலை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மையைச் சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான். நாம மாத்தின கோட்னால சிஸ்டம் படுத்துடுது, புதுசா சேர்ந்த பையனை மீட்டிங்ல எல்லாரும் கேள்வி கேக்கறாங்க, நாம மியூட்ல உட்கார்ந்திருக்கோம். அந்த மாதிரி ஒரு மௌனம்.

மறுநாள் காலையில் குளிச்சு, விபூதி பூசி, விளக்கேத்தி உட்கார்ந்தேன். மனசு உருகி வேண்டினேன். "முருகா, அந்தப் பூச்சி எப்படியாவது கிடைச்சிடணும்."

எதுக்காக வேண்டினேன்? பூச்சிக்காகவா, அந்தக் குழந்தைக்காகவா? இல்லைங்க. பூச்சி கிடைச்சுட்டா யாரும் மூடியைப் பத்திப் பேச மாட்டாங்க. டிக்கெட் க்ளோஸ். அதுக்காகத்தான். அன்னைக்கு அது எனக்கே தெரியலை. கண்ணை மூடி, கையைக் கூப்பி, ரொம்ப பக்தியாத்தான் இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்தேன். பூஜை அலமாரி முன்னாடி, ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில் அவன் தோப்புக்கரணம் போட்டுட்டு இருந்தான்.

"என்னடா பண்றே தூங்காம?"

"மாமா, நான் மூடினேன்னு அம்மாகிட்ட சொன்னது பொய்யா? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. விரத நாள்ல பொய் சொன்னா முருகன் சாமியைத் திருப்பித் தர மாட்டாரா?"

மூடியை மூடினது அவன். அது உண்மை. ஆனா அந்த உண்மையை அவனே நம்ப முடியாதபடி செஞ்சது என் மௌனம். அம்மா திட்டினது கூட ராத்திரிக்குள்ள அவன் மறந்திருப்பான். தன் ஞாபகத்தையே ஒரு குழந்தை சந்தேகப்பட்டு நிக்கிறதை என்னால பார்க்க முடியலை.

அங்கேயே கீழே உட்கார்ந்து சொல்லிட்டேன். வீடியோ எடுத்தது, மூடியைத் திறந்தது, கால் வந்தது, மறந்தது, அம்மா திட்டினப்போ வாயைத் திறக்காம நின்னது, எல்லாமே.

கோவப்படுவான், அழுவான்னு நினைச்சேன். அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்போ நான் மூடினேன்ல?"

"மூடினே தங்கம். நீ சரியாத்தான் மூடினே."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அம்மாகிட்டயும் சொல்லுங்க"ன்னான். காலையில் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. "விரதம் வேற இருக்கே நீ"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அன்னைக்கு முழுக்க அது காதுலயே இருந்துச்சு.

அஞ்சாம் நாள் லீவு போட்டுட்டு, அவனும் நானும் முறையாத் தேட ஆரம்பிச்சோம். பூச்சி தேடறதுதானே எனக்குச் சம்பளமே! வீட்டில் யாராவது கும்பிடுபூச்சி வளர்க்கறீங்கன்னா இதையும் தெரிஞ்சுக்கோங்க. முதல்ல எல்லா ஃபேனையும் நிறுத்தணும். வளர்ந்த பூச்சி பறக்கும், அதனால இதுதான் ரொம்ப முக்கியம். அப்புறம் கதவு ஜன்னலைச் சாத்திட்டு, கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கணும். கட்டிலுக்கு அடியில் தேடறதைவிட மேலே பார்க்கறது நல்லது. கிடைச்சதைப் பிடிச்சு மேலே ஏறி, தலைகீழாத் தொங்கறதுதான் அதோட பழக்கம். திரைச்சீலை உச்சி, கம்பி, அலமாரிக்கு மேல, ஜன்னல் வலை, இங்கெல்லாம் பார்க்கணும். பச்சை நிறத்தைத் தேடினா கண்ணுக்குச் சிக்காது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சு அடிச்சா நிழல் காட்டிக் கொடுத்துடும். சாப்பாடு இல்லாம சில நாள் தாங்கிடும், அதனால சீக்கிரம் நம்பிக்கையை விடக்கூடாது. பல்லிதான் பயம்.

பூஜை அலமாரியில் நாலு தடவை பார்த்தேன். முருகன் படத்து மேல வேல்கிட்ட உட்கார்ந்திருந்தா இந்தப் பதிவுக்கு எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! ஆனா சாமி கிடைச்சது பாத்ரூமில். சாயங்காலம் நாலு மணிக்கு, வெளிச்சம் வர்ற சின்ன ஜன்னலோட வலையில், ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் தலைகீழாத் தொங்கிட்டு இருந்துச்சு. மூணு நாளா நாங்க எல்லாரும் அதுக்கு அடியில் நின்னுதான் குளிச்சிருக்கோம்.

"மாமா, அது என்னையே பார்க்குது"ன்னான். அதோட கண்ணுல ஒரு கருப்புப் புள்ளி தெரியும். நாம இடது பக்கம் போனா அதுவும் இடது பக்கம் வரும், வலது பக்கம் போனா வலது பக்கம் வரும். உண்மையில் அது கண்மணி இல்லை. பல ஆயிரம் சின்னச் சின்னக் கண்கள் சேர்ந்ததுதான் அந்தக் கண். அதில் நம்மை நேராப் பார்க்கிற பகுதி வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கறதால கருப்பாத் தெரியுது. அறிவியல் இதுதான். ஆனா நான் நகர்ந்து நகர்ந்து பார்த்தும் அந்தப் புள்ளி என்னை விடலை. எந்தப் பக்கம் போய் ஒளிஞ்சாலும் பார்க்கிறவன் பார்த்துட்டுத்தான் இருக்கான்னு அந்த நேரத்தில் தோணினதை மறைக்க விரும்பலை.

அதைக் கையால இறுக்கிப் பிடிக்கக்கூடாது. அவன் தன் உள்ளங்கையை அதுக்கு முன்னாடி வச்சுக் காத்திருந்தான். பின்னாடி இருந்து ஒரு குச்சியால நான் லேசாத் தொட்டேன். தானா ஏறி வந்துடுச்சு.

சொந்தங்களே, இப்போ அந்தக் கையைப் பத்திக் கொஞ்சம் யோசிப்போம். கும்பிடுபூச்சியோட கை உண்மையில் கும்பிடற கை இல்லை. உள்பக்கம் முழுக்க முள்ளு. இரை பக்கத்தில் வந்ததும் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள பாய்ஞ்சு பிடிக்கிற ஆயுதம் அது. மடக்கி வச்சிருக்கும்போது நமக்குக் கும்பிடற மாதிரித் தெரியுது. தொழுகிற கைக்குள்ளேயும் ஆயுதம் மறைஞ்சிருக்கும்னு வள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தில் எச்சரிக்கிறார், 828-ஆவது குறள். பகைவனைப் பத்திச் சொன்னதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். நாலாம் நாள் காலையில் பூஜை அலமாரி முன்னாடி கூப்பின என் கையும் அப்படித்தானே இருந்துச்சு? வெளியே பக்தி. உள்ளே, மாட்டிக்கக் கூடாதுங்கற கணக்கு.

பூச்சி மேல தப்பில்லை. அது அதோட பசிக்கு வாழுது. அதைச் சாமின்னு சொன்னது நாமதான். ஆனா நம்ம கூப்பின கைக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கே தெரியாம இருந்தா, அது நம்ம தப்பு.

ஆறாம் நாள் சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து டிவியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பார்த்தோம். சூரபத்மன் கடைசியில் என்ன செஞ்சான்? எதிர்க்க முடியாம, கடல் நடுவில் மாமரமா மாறி நின்னான். பச்சையா, சாதுவா, யாருக்கும் தீங்கில்லாத மாதிரி. இலைக்குள்ள இலையா ஒளியறது பூச்சிக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை இல்லை. நமக்குள்ள இருக்கிற சூரனும் அசுர வடிவத்தில் வர்றதில்லை. விபூதி பூசிக்கிட்டு, விரதம் இருந்துக்கிட்டு, மரம் மாதிரி சும்மா நிப்பான். வேல்னா ஞானம். அந்த மரத்தைப் பிளந்து, "இதுதாண்டா நீ"ன்னு காட்டுறதுதான் அதோட வேலை. ஆனா முருகன் அவனை அழிக்கலையே! பிளந்த ரெண்டு பாதியும் மயிலும் சேவலுமா ஆச்சு. ஒண்ணு வாகனம், ஒண்ணு கொடி. தப்பு வெளிப்பட்டுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நாம பயப்படறோம். வெளிப்பட்ட பிறகுதான் அவன் நம்மை எதுக்காவது பயன்படுத்திக்க முடியும்.

எனக்கு வேல் வந்தது எட்டு வயசுப் பையனோட கேள்வி வடிவத்தில். அப்பாவுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதனைக் கும்பிடற நாம, வீட்டில் இருக்கிற குழந்தைகிட்ட பாடம் கேட்க வெட்கப்படலாமா?

அதனால ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கறேன். இன்னைக்கு ராத்திரி வேண்டுதல் வைக்கறதுக்கு முன்னாடி, இதை ஏன் கேக்கறேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்க மௌனத்தால யாராவது பழி சுமந்துட்டு இருந்தா, முருகன்கிட்ட போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போங்க. ஒரு போன் கால் போதும். முருகன் காத்திருப்பான், கோவிச்சுக்க மாட்டான்.

சாமி இப்போ டப்பாவில் நல்லா இருக்கு. மூடி மேல ஒரு வெள்ளைப் பேப்பர் ஒட்டியிருக்கு. கோணல் மாணலான எழுத்தில், "மாமா தொடக்கூடாது."

நியாயம்தான். நானும் கிழிக்கச் சொல்லிக் கேக்கலை.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!