மருந்தும் தீர்ப்பும்

2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூர். பதினைந்து வயது மகனுக்கென்று ஒரு தந்தை கைத்துப்பாக்கி வாங்குகிறார். மகன் அதனைப் படமெடுத்து, தனக்குக் கிடைத்த புதிய அழகு என்று பூரிப்போடு எழுதி, இன்ஸ்டாகிராமில் வெளியிடுகிறான். மூன்று நாள் கழித்து, அவன் வகுப்பறையில் அமர்ந்து கைப்பேசியில் துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றித் தேடுவதை ஆசிரியர் ஒருவர் காண்கிறார். மறுநாள் காலை, கணக்குத் தாளில் அவன் வரைந்திருந்த துப்பாக்கியையும், குருதி சிந்தும் உருவத்தையும், உதவி கேட்டுக் கெஞ்சும் சொற்களையும் வேறோர் ஆசிரியர் காண்கிறார். பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். மகனை உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. பள்ளியும் அவனை வகுப்புக்கே திருப்பி அனுப்புகிறது. அவனது புத்தகப் பையை எவரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதனுள் இருந்தது. அன்று நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் அவன் சுட்டதில் நான்கு மாணவர் உயிரிழந்தனர். ஏழு பேர் காயமுற்றனர்.

இந்நிகழ்ச்சியை அறியும் எவரும், "அந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே அவனைப் பள்ளியை விட்டு விலக்கியிருக்க வேண்டாமா?" என்று கேட்பர். இயல்பான கேள்விதான். ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. 2013இல் மேரிலாந்து மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், தின்றுகொண்டிருந்த பலகாரத்தைத் துப்பாக்கி வடிவில் கடித்தான் என்பதற்காகப் பள்ளி அவனை இரண்டு நாள் விலக்கி வைத்தது. 2019இல் கொலராடோ மாநிலத்தில், தாயுடன் துப்பாக்கி சுடப் பழகச் செல்வதை ஸ்னாப்சாட்டில் மகிழ்ச்சியோடு அறிவித்த மாணவன் ஒருவனைப் பள்ளி வகுப்புக்கு வரவேண்டாம் என்றது. அவன் எவரையும் மிரட்டவில்லை என்று காவலர் கண்ட பின்னரும் விசாரணைக்கு நிற்கவேண்டியவன் ஆனான்.

அச்சுறுத்தலைக் காணத் தவறினால் பிள்ளைகள் சாகின்றனர். இல்லாத அச்சுறுத்தலைக் கண்டால் குற்றமற்ற பிள்ளை குற்றவாளி ஆகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே பள்ளி செய்யத்தக்கது யாது? அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகளும் பயிலும் பள்ளிகள் அவை. ஆதலின் இவ்வினாவை அயலார் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

சிந்தனை, சொல், செயல் என்னும் மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்க நாம் பழகியவர்கள். பாவ அறிக்கையில் மூன்றையும் தனித்தனியே சொல்லித்தான் மன்னிப்புக் கேட்கிறோம். சமூக ஊடகத்தில் இடப்படும் படம் இம்மூன்றனுள் எதைச் சேர்ந்தது? அது சொல், ஆனால் குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் இல்லாத சொல். சிரித்துக்கொண்டு சொன்னானா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னானா என்பது படிப்பவர்க்குத் தெரிவதில்லை. மேலும் அமெரிக்க நாட்டுப்புறங்களில் துப்பாக்கி வீட்டுப் பொருள்களுள் ஒன்று. மான் வேட்டைப் பருவத்தையொட்டிப் பல பள்ளிகள் விடுமுறை விடும் வழக்கம் பெனிசில்வேனியா மாநிலத்தில் உண்டு. அங்கே ஒரு மாணவன் துப்பாக்கியும் கையுமாய் நிற்கும் படம் நம் ஊரில் தூண்டிலோடு நிற்கும் சிறுவனின் படத்தைப் போன்றதாகவும் இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு சிறுவனின் படத்தைப் போன்றதாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் எத்தனை முறை உற்று நோக்கினாலும் விடை கிட்டாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

சட்டமும் இத்தயக்கத்தை உணர்ந்தே இருக்கிறது. மாணவர் பள்ளி வாயிலில் தம் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்பது 1969 முதல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்த அயோவா மாநில மாணவர் தொடுத்த வழக்கு அது. 2021இல், பெனிசில்வேனிய மாணவி ஒருத்தி பள்ளிக்கு வெளியே விடுமுறை நாளில் ஸ்னாப்சாட்டில் இட்ட வசைமொழிக்காகப் பள்ளி அவளைத் தண்டித்தது தவறு என்று எட்டு நீதிபதிகள் முடிவு செய்தனர், ஒருவரே மாறுபட்டார். எனினும் ஆசிரியரையோ மாணவரையோ நோக்கிய மிரட்டல் என்றால், அது பள்ளிக்கு வெளியே எழுந்ததாயினும் பள்ளி தலையிடலாம் என்று அதே தீர்ப்பு இடம் தந்தது. பள்ளி எதுவரை செல்லலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் எவ்வாறு நடந்துகொள்வது என்பது மனச்சான்றுக்கு உரிய வினா.

அச்சத்தில் இருப்போர்க்கு எளிதாகத் தோன்றும் விடை கடுமையே. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டு நீக்கவேண்டும் என்று 1994இல் அமெரிக்க நடுவண் அரசு சட்டம் இயற்றியது. அது வேண்டிய சட்டமே. ஆனால் செயலுக்கு வகுத்த அக்கடுமை நாளடைவில் சொல்லுக்கும் படத்துக்கும் விளையாட்டுக்கும் பரவியது. 2023இல் டென்னசி மாநிலம், பள்ளியில் பலரைத் தாக்கப்போவதாக மிரட்டும் மாணவனையும் ஓராண்டு நீக்கும் குற்றங்களின் வரிசையில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் ஃபுளோரிடா மாநிலத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மிரட்டல் விடுத்ததாகப் பிடிபட்டபோது, கைவிலங்கோடு அவன் நடத்திச் செல்லப்படும் காட்சியைக் காவல்துறைத் தலைவரே பெயரும் முகமும் தெரியச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். ஊடகத்தில் பிழை செய்த பிள்ளைக்கு ஊடகத்திலேயே தண்டனை!

இக்கடுமையைக் குறை கூறுவது எளிது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் முன்னால் நின்று அதைக் கூறுவது எளிதன்று. ஆகவே இரக்கத்தின் பெயரால் மட்டும் நாம் வாதிடவில்லை. கடுமை தான் காக்க நினைக்கும் பிள்ளைகளையே காக்கத் தவறுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பள்ளியை விட்டு விலக்குவதால் ஆபத்து விலகுவதில்லை. 2018 பிப்ரவரி 14ஆம் நாள் ஃபுளோரிடாவின் பார்க்லண்டு நகரில் 17 பேரைக் கொன்ற இளைஞன் அப்போது அப்பள்ளியின் மாணவன் அல்லன். ஓராண்டுக்கு முன்னரே அங்கிருந்து அகற்றப்பட்டவன். வெளியேற்றப்படும் மாணவன் ஆசிரியரின் பார்வையையும் நண்பரின் துணையையும் இழந்து வீட்டுக்குப் போகிறான். துப்பாக்கி இருப்பதோ அந்த வீட்டில்.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. இத்தகைய படங்களையும் சொற்களையும் முதலில் காண்பவர் தலைமையாசிரியர் அல்லர், காவலரும் அல்லர். உடன் பயிலும் மாணவரே. தடுத்து நிறுத்தப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களை அமெரிக்க இரகசியக் காவல் பிரிவின் ஆய்வு மையம் ஆராய்ந்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. திட்டமிட்டவர்கள் தம் எண்ணத்தைப் பிறரிடம் வெளிப்படுத்தியதும், அதை அறிந்தவர்கள், சிறப்பாக உடன் பயில்வோர், முன்வந்து சொன்னதுமே பெரும்பாலும் உயிர்களைக் காத்தன என்பது அதன் சாரம். ஆனால் சொன்ன மறுகணமே நண்பன் கைவிலங்கோடு இழுத்துச் செல்லப்படுவான் என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? "ஒருவேளை விளையாட்டாக எழுதியிருப்பானோ? அவன் வாழ்வை நான் கெடுத்துவிடுவேனோ?" என்று தயங்கி வாளாவிருந்துவிடும். அந்த மௌனத்தைவிடக் கொடிய ஆபத்து பள்ளிக்கு வேறில்லை.

அப்படியானால் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவதா? அதுவுமன்று. இவ்விடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணை வருகிறார். தம் பேரிறையியல் நூலில் தீர்ப்பிடுதலைப் பற்றி ஆராயுமிடத்தில், ஐயத்துக்கிடமானவற்றை நல்ல பொருளிலேயே கொள்ளவேண்டும் என்று அவர் கற்பிக்கிறார். அத்துடன் நிற்கவில்லை. ஒரு தீமைக்கு மருந்திட வேண்டிவரும்போது, மோசமானதையே உண்மையெனக் கொண்டு மருந்திடுவது தக்கது என்கிறார். பெரிய நோயைத் தீர்க்கும் மருந்து சிறிய நோயையும் தீர்க்குமன்றோ? ஆனால் ஒருவர் இத்தகையவர் என்று தீர்ப்பிடும்போது நல்லதையே கொள்ளவேண்டும். ஒரே நிகழ்ச்சியில் மருந்துக்கு ஓர் அளவுகோல். தீர்ப்புக்கு வேறோர் அளவுகோல்.

நம் வினாவுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நாம் கண்டதில்லை. துப்பாக்கிப் படம் பள்ளியின் பார்வைக்கு வந்தவுடன், மோசமானதையே எண்ணிப் பாதுகாப்பைத் தேட வேண்டும். அன்றே அந்த மாணவனை அழைத்துப் பேசவேண்டும். காரணம் இருப்பின் பையைத் திறந்து பார்க்கவேண்டும். வீட்டில் துப்பாக்கி உண்டா, யார் கைக்கு எட்டும் இடத்தில் உண்டு என்று பெற்றோரைக் கேட்க வேண்டும். அதே வேளையில், அவன் கொலைகாரன் என்று உள்ளத்தாலும் தீர்ப்பிடலாகாது, ஊரறியச் செய்யலாகாது. ஆக்ஸ்ஃபோர்டில் குறைந்தது மருந்து. மேரிலாந்தில் மிகுந்தது தீர்ப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே பிழை. மருந்திட்டால் அவமதித்ததாகும் என்று ஒருசாரார் தயங்குகின்றனர். தண்டித்தால் பாதுகாத்ததாகும் என்று மறுசாரார் நம்புகின்றனர்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை என்று எவரும் கருதவேண்டியதில்லை. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டூயி கார்னெல் 2001 முதல் இத்தகைய முறையொன்றை வகுத்து வந்தார். தலைமையாசிரியர், ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர், காவலர் ஆகியோர் ஒரு குழுவாய் அமர்ந்து, மிரட்டியவனிடமும் கேட்டவரிடமும் பேசி, அது சினத்தில் வந்து மறைந்த சொல்லா, உள்ளத்தில் வேரூன்றிய எண்ணமா என்று பிரித்தறிவர். முன்னதாயின் மன்னிப்பும் விளக்கமும் போதும். பின்னதாயின் பாதுகாப்பும் சிகிச்சையும் உடனே தொடங்கும். தன் பொதுப்பள்ளிகள் அனைத்துக்கும் இத்தகைய குழுவைக் கட்டாயமாக்கி 2013இல் சட்டம் செய்த முதல் மாநிலம் வர்ஜீனியா.

ஆயினும் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. கேட்டும் தவறிய நிகழ்ச்சி இருக்கிறது. 2023 மே மாதத்தில், இணையத்தில் எழுந்த பள்ளி மிரட்டல் பற்றிய செய்தி கிடைத்து ஜார்ஜியா மாநிலத்தில் காவலர் ஒரு வீட்டுக்குச் சென்றனர். பதின்மூன்று வயதுச் சிறுவன், தான் எழுதவில்லை என்றான். வேட்டைத் துப்பாக்கிகள் வீட்டில் உண்டு, ஆனால் மேற்பார்வையின்றி மகன் அவற்றைத் தொட முடியாது என்றார் தந்தை. கைதுசெய்யப் போதிய சான்று இல்லை. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அத்தந்தையே மகனுக்குத் துப்பாக்கியைப் பரிசளித்தார் என்று புலனாய்வாளர் பின்னர்க் கூறினர். 2024 செப்டம்பர் 4ஆம் நாள் வைண்டர் நகரத்துப் பள்ளியில் இரு மாணவரும் இரு ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இது நம் வாதத்தை வீழ்த்தவில்லையா? அதன் குறைபாட்டைக் காட்டுகிறது என்போம். ஒருமுறை வாயிற்படியில் நின்று கேட்டுவிட்டுத் திரும்புவது மருந்தாகாது. அடுத்த மாதமும், அடுத்த பருவத்திலும், பள்ளி மாறினால் அங்கும் ஒருவர் அப்பிள்ளையோடு தொடர்ந்து பேசியிருக்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பள்ளி எவ்வளவு விழித்திருந்தாலும் வீட்டில் பூட்டப்படாத துப்பாக்கிக்கு அது காவலாக முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு சிறுவனின் பெற்றோர் இருவரும் 2024இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். சிறுவர் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைக்க வேண்டும் என்னும் சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த நால்வர்க்கு அது காலங்கடந்து வந்த சட்டம்.

இனி ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஏதோ ஓர் அமெரிக்க நகரம். இரவு பதினொரு மணி. படுக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினான்கு வயதுச் சிறுமியின் கண்ணில், வகுப்புத் தோழன் சற்றுமுன் இட்ட படம் படுகிறது. மடியில் துப்பாக்கி, கீழே, நாளை பள்ளிக்கு வரவேண்டாம் என்று ஒரு வரி. அவள் அஞ்சுகிறாள். அவனை அவளுக்குப் பிடிக்கும். சென்ற வாரம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். பக்கத்து அறையில் தாய் உறங்குகிறாள்.

அவள் எழுந்து தாயை எழுப்புவாளா, மாட்டாளா என்பது அந்த ஓர் இரவில் முடிவாவதன்று. தன் பள்ளி இதற்குமுன் இத்தகைய பிள்ளைகளை எவ்வாறு நடத்தியது என்பதை அவள் கண்டிருக்கிறாள். சொன்னால் அவனை அழிப்பார்கள் என்று கண்டிருந்தால், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு விழித்துக் கிடப்பாள். சொன்னால் அவனையும் காப்பார்கள், மற்றவரையும் காப்பார்கள் என்று கண்டிருந்தால், எழுந்து போய்க் கதவைத் தட்டுவாள்.