தேர்த்தட்டில் உட்கார்ந்த நாட்கள்



போன மாதம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து பசியாறிக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவத்தில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "அண்ணா, மெட்ரிகுலேசன் ரெண்டாவது இன்டேக்ல இடம் வந்திருக்கு. மாறிடவா, இல்ல இங்கேயே இருந்து எஸ்.டி.பி.எம். எழுதவா? இதுக்குக் கீதையில என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டான்.

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு நானும் நின்றவன்.

முதல் சுற்றில் எனக்கு மெட்ரிகுலேசன் கிடைக்கவில்லை. ஜொகூர் பாருவிலேயே ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். பிறகு திடீரென்று பத்து பகாட், தொங்காங் பெச்சாவில் உள்ள பொறியியல் மெட்ரிகுலேசன் கல்லூரியில் இடம் வந்தது. தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அப்பா, "ஒரு வருசத்துல முடிஞ்சிரும், போ" என்றார். அம்மா ஹாஸ்டலை நினைத்துப் பயந்தார். ஆசிரியர், எஸ்.டி.பி.எம். இருந்தால் வெளிநாட்டிலும் மதிப்பு என்றார். கோயிலில் ஒரு பெரியவர், "சுயதர்மத்தை விடாதேப்பா" என்றார். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன். பதில் சொல்ல வேண்டிய தேதி கடந்துபோனது. பார்த்தவர்கள், நான் எஸ்.டி.பி.எம்.மைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்தார்கள். உண்மையில் நான் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் உடம்பு மட்டும்தான் இருந்தது. மெட்ரிகுலேசன் போன நண்பர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதல் சுற்றில் இடம் கிடைக்காத கோபமும் கூடவே இருந்தது. அந்த இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019இல் இடங்கள் 25,000லிருந்து 40,000 ஆனபோதும் அந்த விகிதம் மாறவில்லை. எஸ்.பி.எம்.மில் 10 ஏ, அதற்கு மேல் எடுக்கும் எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது. நியாயம் கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் அந்தக் கோபத்தைப் படிக்காமல் இருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். முதல் தவணையில் பிசிக்ஸ் 'சி'.

கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் காண்டீவத்தைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் சொல்கிற காரணங்களைக் கவனியுங்கள். குடும்பம், பெரியவர்கள், பாவம் என்று எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. என்னுடைய காரணங்களும் அப்படித்தான் இருந்தன. பகவானோ அதை மனத்தளர்ச்சி என்கிறார்.

ஆனால் பதினெட்டாம் அத்தியாயம்தான் என்னை உலுக்கியது. ஞானம், கர்மம், பக்தி எல்லாம் சொல்லி முடித்த கண்ணன், இதை முழுவதும் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்கிறார். தேரோட்டும் பகவானே முடிவை அர்ச்சுனன் கையில் கொடுக்கிறார்! அப்படியிருக்க, எஸ்.டி.பி.எம்.மா மெட்ரிகுலேசனா என்று கீதையில் எந்தப் பக்கத்தில் தேடுவது? சுயதர்மம் என்பது தேர்வின் பெயரில் இல்லை. மாணவனின் தர்மம் படிப்பது. அதை எந்த வகுப்பறையிலும் செய்யலாம்.

ஆராய்வது என்றால் என்ன? சாமி முன்னால் சீட்டுப் போட்டுப் பார்ப்பது அல்ல. எஸ்.டி.பி.எம். ஒன்றரை வருடம், மூன்று தவணை. முதல் இரண்டு தவணைத் தாள்களை மறுபடி எழுதவும் வழி உண்டு. மெட்ரிகுலேசன் பெரும்பாலும் ஒரே வருடம், இரண்டு தவணை. சீக்கிரம் முடியும், சறுக்கினால் எழுந்து நிற்க நேரம் குறைவு. இரண்டுக்கும் மூவெட் எழுத வேண்டும். இரண்டிலிருந்தும் யூ.பி.யூ. வழியாகத்தான் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். அங்கே 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. இனி உன்னைப் பார். நீ வேகமாகப் பிடித்துக்கொள்பவனா, மெதுவாக ஆரம்பிப்பவனா? ஹாஸ்டலில் தனியாக இருந்து படிப்பாயா? வீட்டில் பணம் எப்படி? இரண்டு பக்கமும் படித்தவர்களிடம் கேள். பிறகு, கடைசித் தேதிக்குள் முடிவெடு.

எடுத்த பிறகு மற்ற பாதையில் மனசால் நடக்காதே. கர்மயோகத்தில் தொடங்கிய முயற்சி எதுவும் வீணாகாது என்று இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. ஆறாம் படிவத்தில் உட்கார்ந்த வாரங்களும் வீணில்லை.

நான் 'சி' வாங்கிய பிறகுதான் உண்மையில் எஸ்.டி.பி.எம்.மைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தாளை மறுபடி எழுதினேன். இன்று ஸ்கூடாய் யூ.டி.எம்.மில் பொறியியல் படிக்கிறேன். கிடைத்ததால் இதைச் சொல்லவில்லை. பலன் நம் கையில் இல்லை, கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் முழு மனசோடு படித்த அந்த மாதங்கள் எனக்குக் கிடைத்தன. அதற்கு முன் இழந்த மாதங்கள் என் தவறு.

அந்தத் தம்பி மறுவாரம் வந்து, "அண்ணா, நான் மெட்ரிக் போறேன்" என்றான். ஒன்று மட்டும் கேட்டேன். "யோசிச்சு நீயே எடுத்த முடிவா?"

"ஆமாண்ணா. அப்பா அம்மாகிட்டயும் பேசிட்டேன்."

"அப்ப கும்பிட்டுட்டுப் புறப்படுப்பா."

திருச்சிற்றம்பலம்.