நீக்கிய பின்னும் எஞ்சுவது

விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருளை நீக்கினாலும் அதன் பதிவுகள் சில, அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும். அதைத் திருத்தும் கருவியான ரெஜெடிட்டில் ‘சாஃப்ட்வேர்’ கிளையை விரித்தால், எப்போதோ போன நிரலின் பெயர் இன்னும் நிற்கும். அவை பெரும்பாலும் தீங்கற்றவை. காப்பு நகல் எடுத்துக்கொண்டு அழித்துவிடலாம்.

ஒன்று ஒழிந்தபின் அதன் சுவடு ஏன் எஞ்சுகிறது? சைவ சித்தாந்தம் இதை உயிரைப் பற்றிக் கேட்டது. பெருங்காயம் இருந்த பாண்டத்தில் வாசனை போகாததுபோல், ஞானம் பெற்று உடலோடிருக்கும் சீவன்முத்தரையும் மலத்தின், அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்கின், வாசனை தாக்கக்கூடும் என்றது. முத்தியிலும் ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது. ஞானியையும் விலக்காத இந்த நேர்மை பெரிது. அழிக்க முடியாத எச்சத்தோடு வாழும் வழி என்ன? 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், முத்தருக்கும் அடியார் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் விதிக்கிறது.