மக்களை வழிதவறச் செய்யும் குற்றம்: ஸ்காட்ஸ் மொழியில் ‘அப்யூஸ்’

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1563 ஜூன் மாதம் சூனியத்துக்கு எதிராக இயற்றிய சட்டத்தில், குற்றம் இன்னதென்று சுட்டும் சொல் ‘அப்யூஸ்’. சூனியம், மந்திர வித்தை, இறந்தோர் ஆவிகளிடம் குறி கேட்டல் ஆகியவற்றைச் செய்வோரும், அந்த அறிவு தமக்கு உண்டு என்று சொல்லிக்கொள்வோரும் அதன்மூலம் மக்களை ‘அப்யூஸ்’ செய்கிறார்கள் என்பது சட்டத்தின் குற்றச்சாட்டு. வசைபாடுதல், கொடுமைப்படுத்துதல் என்று இன்றைய ஆங்கிலத்தில் வழங்கும் பொருள் இங்கே பொருந்தாது. மக்களை ஏய்த்து, பொய்யான நம்பிக்கையின் பக்கம் இழுத்துச் செல்வதையே அன்றைய ஸ்காட்ஸ் மொழியில் அச்சொல் குறித்தது.

சொல்லின் வேர் லத்தீன். ஒன்றை முற்றிலும் பயன்படுத்தித் தீர்ப்பதும், தகாத வழியில் பயன்படுத்துவதும் அதன் மூலப்பொருள்கள். பிரெஞ்சு மொழியில் அதனுடன் ஏமாற்றுதல் என்ற பொருளும் சேர்ந்தது. தவறாக நினைத்துக்கொள்வதைச் சொல்ல அம்மொழி இன்றும் அதே வினையைக் கையாளுகிறது. ஸ்காட்ஸில் இப்பொருள்களோடு, வழக்கத்தை விட்டொழித்தல் என்ற இன்னொரு பொருளும் இருந்தது. கால்பந்தும் கோல்ஃபும் இனி ‘அப்யூஸ்’ செய்யப்பட வேண்டும் என்று 1471ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. மக்கள் அவ்விளையாட்டுகளைக் கைவிட்டு வில்வித்தை பழக வேண்டும் என்பதே அதன் கருத்து.

1563இல் ஏய்த்தல் என்ற பொருள் முன்னுக்கு வந்ததற்குச் சமயச் சூழலே காரணம். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1560இல், நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை நீக்கி, புராட்டஸ்டண்ட் விசுவாச அறிக்கையை ஏற்றிருந்தது. புதிய சபையின் பார்வையில் புனிதர் ஊற்றுகளுக்கு யாத்திரை போவதும், மந்திரித்து நோய் தீர்ப்பதும், குறி கேட்பதும் வீணான மூடநம்பிக்கையில் அடங்கும். சட்டமும் சூனியத்தை அப்படித்தான் விவரிக்கிறது. சாத்தானோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கடவுளின் சட்டத்துக்கு மாறான நம்பிக்கை மக்களிடையே பரவுவதுதான் அதன் கவலை. எனவே வித்தை பலித்ததா, யாருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்று கேட்க வேண்டிய தேவை சட்டத்துக்கு இல்லை.

இந்தப் பார்வைக்கு விவிலியத்தில் ஆதாரம் இருந்தது. வேறு தெய்வங்களை வணங்க அழைக்கும் தீர்க்கதரிசியின் அடையாளங்கள் பலித்தாலும் அவன் கொல்லப்பட வேண்டும் என்கிறது உபாகமம் 13ஆம் அதிகாரம். வித்தை மெய்யா பொய்யா என்பதை விட, அது மக்களை எங்கே கொண்டுசெல்கிறது என்பதே அங்கு அளவுகோல். இதே நூலின் 18ஆம் அதிகாரம் குறி சொல்வோரையும் இறந்தோரிடம் கேட்போரையும் ஒருசேர விலக்குகிறது. ஸ்காட்லாந்துச் சட்டமும் வித்தை செய்பவருக்கும், வித்தை தெரியும் என்பவருக்கும், அவர்களை நாடிப் போகிறவருக்கும் மரண தண்டனையே விதித்தது.

இங்கிருந்து இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, ஏய்ப்பவர் தாம் செய்வதை உளமார நம்பினால் அது ஏய்ப்பு ஆகுமா? அயர்ஷயரில் டால்ரி அருகே வாழ்ந்த பெஸ்ஸி டன்லப் மீது 1576இல் நடந்த வழக்கு இதற்குத் தக்க சான்று. 1547இல் பிங்கி போரில் இறந்த தாமஸ் ரீட் என்பவரின் ஆவி தம்மிடம் வந்து மூலிகைகளையும் களவுபோன பொருள்கள் இருக்கும் இடத்தையும் சொல்லித் தந்ததாக அவர் வாக்குமூலம் அளித்தார். கிறிஸ்தவ விசுவாசத்தை மறுதலிக்கும்படி அந்த ஆவி கேட்டபோது தாம் இணங்கவில்லை என்றும் கூறினார். ஆவிகளோடு பழகினார் என்பதோடு, மக்களை ‘அப்யூஸ்’ செய்தார் என்பதும் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றது. அவர் எரிக்கப்பட்டார். தாம் பொய் சொல்வதாக அவர் நினைத்ததற்கு வழக்கில் அடையாளம் இல்லை. நீதிமன்றம் அதைத் தேடவும் இல்லை. ஏய்ப்பவரின் உள்ளத்தைப் பார்க்காமல், ஏய்ப்பின் விளைவை மட்டும் குற்றமாகக் கொண்ட பார்வை அது.

இரண்டாவது சிக்கல், ஏமாந்தவர் குற்றவாளியா என்பது. சட்டத்தின் எழுத்து ஆம் என்றது. நடைமுறை வேறாக இருந்தது. ஃபைஃபைச் சேர்ந்த அலிசன் பியர்சன் 1588இல் சூனியக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அவரிடம் மருத்துவம் நாடியவர்களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் பேட்ரிக் ஆடம்சனும் ஒருவர். பேராயர் எதிரிகளின் ஏளனத்துக்கு ஆளானார். உயிர்த்தண்டனை அவரைத் தொடவில்லை. எளிய மக்களையும் பெரும்பாலும் சபை மூப்பர் மன்றங்களே விசாரித்து, ஆராதனையின்போது எல்லோர் முன்பும் மனந்திரும்பச் செய்தன. ஏமாந்தவர் பாவி, ஆனால் திருந்தத்தக்கவர் என்பதே வழக்கத்தில் நிலைத்த விடை.

இவ்விரண்டுக்கும் அடியில் ஓர் இறையியல் கேள்வி இருந்தது. பொய்த் தீர்க்கதரிசி ஏமாந்தால் அவனை ஏமாறச் செய்தவர் தாமே என்று கடவுள் கூறுவதாக எசேக்கியேல் 14:9 சொல்கிறது. கால்வின் மரபு இதற்கு ஒரு விளக்கம் தந்தது: சாத்தானும் கடவுளின் ஆளுகைக்கு உட்பட்டே செயல்படுகிறான், ஆனாலும் மனிதன் தன் விருப்பத்தோடுதான் பொய்யைத் தழுவுகிறான், ஆகவே பொறுப்பு அவனுடையது. இதற்கு எதிர்த்தரப்பும் அக்காலத்திலேயே உண்டு. 1563இலேயே வெளிவந்த நூலில் மருத்துவர் யோஹான் வையர், சூனியக்காரிகள் எனப்பட்ட பெண்களில் பலர் மனநோயால் வருந்தி, பேயால் ஏய்க்கப்பட்டவர்கள் என்றும், அவர்களுக்குத் தேவை மருத்துவமே என்றும் வாதிட்டார். அவரையும் அவரைப் போலவே வாதிட்ட இங்கிலாந்தின் ரெஜினால்டு ஸ்காட்டையும் மறுத்தே ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597இல் ‘டெமனாலஜி’ என்ற உரையாடல் நூலை வெளியிட்டார்.

1590களிலிருந்து பேயுடன் செய்யும் உடன்படிக்கை என்ற கருத்து வழக்குகளில் வலுப்பெற்றது. மக்களை வழிதவறச் செய்தவர் என்ற படிமம் பின்னுக்குப் போய், கடவுளைக் கைவிட்டுச் சாத்தானின் அடிமையானவர் என்ற படிமம் முன்வந்தது. சட்டத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை. 1563க்கும் 1736க்கும் இடையில் குற்றம் சாட்டப்பட்ட 3,837 பேரை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு அடையாளம் கண்டுள்ளது. அவர்களில் பெண்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்.

1736இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் சட்டம் 1563ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அதன்பின் சூனியம் செய்ததாக யார் மீதும் வழக்குத் தொடர முடியவில்லை. சூனியம் தெரியும் என்று பாசாங்கு செய்வதே குற்றமாயிற்று. அதற்கு ஓராண்டுச் சிறை. பழைய சட்டத்தை நீக்கியது கடவுளின் சட்டத்துக்கு முரண் என்று ஸ்காட்லாந்தில் பிரிந்துசென்ற பிரெஸ்பிடீரியன் குழு ஒன்று 1743இல் கண்டித்தது. ஏய்ப்பு என்ற கருத்து சட்டத்தில் தொடர்ந்தது. அதிலிருந்த பாவம் என்ற பொருள் மட்டும் கழன்று, மோசடி எஞ்சியது.

இச்சட்டத்தின் கீழ்தான் ஸ்காட்லாந்தில் பிறந்த ஆவி ஊடகர் ஹெலன் டங்கன் 1944இல் லண்டனில் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்கு மாற்றாக 1951இல் வந்த சட்டம், ஏமாற்றும் நோக்கமும் ஆதாயமும் இருந்தால்தான் குற்றம் என்று வரையறுத்தது. தாம் சொல்வதை உண்மையாகவே நம்புகிறவரை அது குற்றவாளியாகக் கருதவில்லை. பெஸ்ஸி டன்லப்பின் நீதிபதிகள் கேட்காமல் விட்ட கேள்வி, 375 ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் முதல் கேள்வியாயிற்று.